வாவியைச் சுற்றி மூன்று நாள்

நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



காலையிலிருந்து கல்வி, ஒழுக்கம், சேவை என்று கனதியான விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வகுப்புக்குத் தரப்பட்டது இலேசான தலைப்பு. ஊருக்கு விடுமுறையில் வருகிறவர்கள் அதிகம் செலவழிக்காமல் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று சொல்ல வேண்டுமாம். சாப்பாட்டுக்கு முந்திய பேச்சு என்பதால் சுருக்கிக்கொள்ளுங்கள் என்று தலைவி அக்கா இரண்டு தரம் சொல்லிவிட்டார். தலைப்பு இலேசானதுதான். ஆனால் நாங்கள் அதற்குள் ஒரு மனஸ்தாபத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தோம். அதை விட்டுவிட்டு இடங்களை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நாங்கள் 1998இல் உயர்தரம் எழுதிய வகுப்பு. வட்ஸ்அப் குழுவில் கனடா, லண்டன், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் உண்டு. சென்ற ஆண்டு ஜூலையில் எல்லாரும் ஒன்றுகூடுவது என்று பேச்சு வந்தபோது, வெளியிலிருந்து வருகிறவர்கள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டேலை இரண்டு இரவுக்குப் பேசினார்கள். படம் போட்டார்கள். நீச்சல் தடாகம், காலைச் சாப்பாடு எல்லாம் இருந்தன. குழுவில் பூவும் இதயமும் கொட்டின. ஊரில் இருக்கும் எட்டுப் பேரில் மூவர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஒருத்தி, படுவான்கரையில் ஆசிரியையாக இருப்பவள், எங்களில் ஒருவருக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்து, “எனக்கு வர ஏலாது கா. அந்த நேரம் பாடசாலையில வேலை இருக்கு” என்றாள். ஜூலையில் சனி ஞாயிறில் என்ன பாடசாலை வேலை?

விடயம் விளங்கியதும் வெளிநாட்டுத் தோழியர் நல்ல மனதோடு ஒரு தவறு செய்தார்கள். “நாங்க ஆறு பேரும் சேர்ந்து எல்லாருக்கும் கட்டுறம், பிரச்சினை இல்லை” என்று குழுவில் எழுதினார்கள். அன்றிரவு மற்ற இருவரும்கூட வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். 2022க்குப் பிறகு இந்த ஊரில் சம்பளத்தில் சீவிக்கும் குடும்பம் எப்படி மாதத்தை ஓட்டுகிறது என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். இல்லாமையைச் சமாளிக்கலாம். ஒரே வாங்கில் இருந்து, ஒரே சோற்றுப் பெட்டியில் சாப்பிட்டவளிடம் அதை அறிவித்துக் காசு வாங்குவதுதான் ஏலாத காரியம்.

முடிச்சை அவிழ்த்தது ரொறன்ரோவில் இருப்பவள். முந்திய குளிர்காலத்தில் அவள் குடும்பத்தோடு கரிபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவுக்குப் போயிருந்தாள். அங்கே பெரிய ஹோட்டேல்களின் விலை தலை சுற்ற வைத்ததாம். அதனால் ஊர் ஆட்கள் போகும் பஸ்ஸில் ஏறி, கரையோரமாகச் சுற்றியிருக்கிறார்கள். எவ்வளவு தூரம் போனாலும் பஸ்ஸில் ஒரே கட்டணம். கடற்கரைகள் எல்லாருக்கும் பொது. வெள்ளிக்கிழமை இரவு ஒய்ஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊரில் மீன் பொரித்து விற்கிறார்கள், உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுகிறார்கள். “அந்தத் தீவே 34 கிலோமீற்றர் நீளம்தான். நம்மட வாவி 56 கிலோமீற்றர். அதில நாம எதைப் பார்த்திருக்கிறம்?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால் மெய்தான். எங்கள் பாடசாலைக் காலம் முழுவதும் யுத்தம். இரவில் தோணி இறங்கத் தடை. பாலத்தில் சோதனை. படுவான்கரை என்றால் வேறு நாடு. வாவியின் மூன்று பக்கமும் நாம் வளர்ந்தோம், ஆனால் பஸ் யன்னலால்தான் அதைப் பார்த்தோம். ஆகவே முடிவு செய்தோம்: மூன்று நாள், ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, எல்லாரும் ஒரே தொகை, மிச்சம் வந்தால் கச்சான் கொட்டை. இரவில் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் உள்ள தோழியர் வீடுகளில் பாய் விரித்துப் படுத்தோம். பதினான்கு பேரும் வந்தார்கள்.

முதல்நாளை நகரத்துக்குள் கால்நடையாகவே கழித்தோம். புளியந்தீவு சின்னத் தீவு, வெயில் ஏறுமுன் சுற்றிவிடலாம். கோட்டைக்குள் நம்மில் பலர் பிறப்புச் சான்றிதழ் எடுக்க, கையெழுத்து வாங்க என்று கச்சேரிக்குப் போயிருப்போம், கோட்டையைப் பார்க்கப் போனதில்லை. போர்த்துக்கீசர் 1628இல் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். இலங்கையில் அவர்கள் கையில் முதலில் விழுந்த கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. மதில்மேல் ஏறிப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், இதை ஏன் இங்கே கட்டினார்கள் என்று சரித்திர ரீச்சர் சொல்லாமலே விளங்கும். அங்கிருந்து காந்தி பூங்கா. பக்கத்தில் மட்டக்களப்பு வாயிலும், 1814இல் வந்து ஒரு வருடத்துக்குள் இங்கேயே இறந்துபோன மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையும். அந்த ஒரு வருடத்துக்குள் பாடசாலை தொடங்கிவிட்டார். நிழலுக்கு மரம் இருக்கிறது, பிள்ளைகளோடு வருகிறவர்கள் மாலையில் வாருங்கள்.

பின்னேரம் பஸ்ஸில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போனோம். 1913இல் கட்டியது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அதன் அருகேதான். கண்டல் காடுகளுக்குள் தோணியிலும் இயந்திரப் படகிலும் கூட்டிப்போகிறார்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். நேரத்துக்குக் காசு, எத்தனை பேர் ஏறினாலும் படகுக்கு ஒரே விலை என்பதால் கூட்டமாகப் போனால் ஆளுக்கு மலிவு. கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒருத்தி சொன்னாள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அந்தப் பக்கம்தான் ஆழத்தில் கிடக்கிறது என்று. அதைப் பார்க்க உலகெங்கும் இருந்து தேர்ந்த சுழியோடிகள் வருகிறார்கள். அது நமக்குரிய விளையாட்டும் அல்ல, விலையும் அல்ல. கரையில் நின்று திசையைக் காட்டினால் போதும்.

இங்கேதான் ஒரு பிரச்சினை வந்தது. நாங்கள் பேசிய படகில் உயிர்காப்பு அங்கி இல்லை. “தண்ணி இடுப்பளவுதான் அம்மா” என்றார் படகோட்டி. எங்களில் இருவர் வைத்தியர்கள். இடுப்பளவு தண்ணீரில் போன உயிர்களை விடுதியில் பார்த்தவர்கள். ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டோம். அவர் முகம் கோணிப்போனார். அரைமணி கழித்து வேறிடத்தில் கேட்டு ஏழு அங்கி கொண்டுவந்தார். ஏழு ஏழு பேராக இரண்டு தரம் போனோம். அப்போது கரையில் காத்திருந்தவர்கள் விளையாட்டாக ஒரு கணக்கெடுத்தார்கள்: எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பதினான்கு பேரில் இரண்டு பேர். ஒருத்தி ரொறன்ரோவிலும் மற்றவள் ஒஸ்லோவிலும் முப்பது வயதுக்குமேல் பழகியவர்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் வளர்ந்த பெண் பிள்ளைகளில் ஒருத்திக்காவது இந்த ஊர்த் தண்ணீரில் நீந்தத் தெரியவில்லை. சிரிக்கத் தொடங்கியவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நாவலடி அடுத்துத்தானே இருக்கிறது. 2004 மார்கழி 26 பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுனாமியில் நீந்தத் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை, அந்தத் தண்ணீர் வேறு. ஆனால் மற்ற நாட்களில் குளத்திலும் ஆற்றிலும் போகும் பிள்ளைகளை நினைத்தோம். திரும்பும்போது கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் இறங்கி, அலையில் சாய்ந்துபோன கோபுரத்தின்கீழ் கொஞ்சநேரம் இருந்தோம்.

அன்று பறுவத்துக்குக் கிட்டிய இரவு. பழைய கல்லடிப் பாலத்துக்குப் போனோம். 1924இல் திறந்த பாலம், ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் ‘லேடி மனிங் பாலம்’. நம் சங்கத்துக்கு ஏறக்குறைய அதே வயது, அதனால் மரியாதையாக நடந்தோம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபிறகு பழையதில் ஆற அமர நின்று வாவியைப் பார்க்கலாம். பாடும்மீன் கேட்க ஒரு தோணிக்காரரைப் பிடித்தோம், இந்த முறை அங்கிகளோடு. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மேல்முனையில் காதை வைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே உத்தியோகமாயிருந்த எமர்சன் ரெனன்ற் இதைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தன் நூலில், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஓசைக்கு ஒப்பிட்டிருக்கிறார். எங்களுக்கும் ஏதோ ஒரு ரீங்காரம் கேட்டது. ஏழு பேர் மீன் என்றார்கள். ஐந்து பேர் புதுப்பாலத்தில் போன லொறி என்றார்கள். இரண்டு பேருக்குக் காது மந்தம், அவர்களை விட்டுவிடுவோம். மாரியில் கேட்காது, தண்ணீர் அசையாத கோடைகால நிலவில்தான் போகவேண்டும்.

இரண்டாம் நாள்தான் நாங்கள் சொல்ல வந்த நாள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வான் ஒன்றை எடுத்து எழுவான்கரை பெருந்தெருவால் போய் வருவார்கள். காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைப் பார்த்து, கல்முனையில் துணி எடுத்து, திரும்பிவிடுவார்கள். எதிர்க்கரை தூரத்துப் பச்சைக்கோடு. நாங்கள் ஒரு வட்டம் போனோம்: மேற்குக் கரையால் இறங்கி, பாதையில் கடந்து, கிழக்குக் கரையால் ஏறி வருவது. வழிகாட்டி யாரென்றால், “வர ஏலாது” என்று சொன்ன அதே ஆசிரியை. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எது சொன்ன நேரத்துக்கு வராது, எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

காலை வெள்ளென பஸ் எடுத்து மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போனோம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கேயும் பாதைதான். இளைய தலைமுறைக்குச் சொல்கிறோம், இங்கே ‘பாதை’ என்றால் தெரு அல்ல. மிதவைமேல் பலகை அடித்து, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போவது. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல்நந்தி புல் தின்ற கதையைப் பூசகர் ஐயா எங்களுக்காக முழுமையாகச் சொன்னார். ஒஸ்லோக்காரியின் மகள் கல்நந்திக்குப் புல் நீட்டிப் பார்த்தாள்.

அங்கிருந்து தெற்கே போகும் வழியில் மகிழடித்தீவு வந்ததும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோனது. 1987 தையையும் 1991 ஆனியையும் அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எங்கள் ஆசிரியைத் தோழி அந்த வருடங்களில் அந்தப் பக்கத்துப் பிள்ளை. விடுதியில் எங்களோடு தங்கிப் படித்தவள். ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் சோதனை கடந்து, பாதை ஏறி, மறுகரையில் இறங்கி நடந்திருக்கிறாள். நாங்கள் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை, வீட்டுக்கு எப்படிப் போகிறாய் என்று. இருபத்தைந்து வருடம் கழித்து பஸ் யன்னலால் கையைக் காட்டி, “இதாலதான் நடந்து போவன்” என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மதியம் அவள் வீட்டில். இதையும் செலவுக் கணக்கில் சேர்க்க அவள் விடவில்லை, நாங்களும் பிடிவாதம் பிடிக்கவில்லை. சிவப்பரிசிச் சோறு, வாவி இறால், மணலை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் சட்டியோடு எருமைத்தயிர். எந்த ஹோட்டேலும் இந்தச் சாப்பாட்டைத் தந்திருக்காது. சுகரும் பிரசரும் உள்ளவர்கள் தயிருக்குச் சீனியைக் குறைக்கும்படி வைத்தியர்கள் இருவரும் சொன்னோம். யாரும் கேட்கவில்லை.

பின்னேரம் மண்டூர். சின்னக் கதிர்காமம் என்று பெயர்பெற்ற கந்தசுவாமி கோயில், வாவிக்கரையோடு ஒட்டியது. கதிர்காமம்போலவே திரைக்குப் பின்னால் பூசை, ஆரவாரமில்லாத கோயில். வெளிமண்டபத்தில் காற்று ஓய்வில்லாமல் வரும். பிறகு மண்டூர்த்துறையில் குருமண்வெளிக்குப் பாதை ஏறினோம். மோட்டார் சைக்கிள்கள், ரியூசன் முடிந்த பிள்ளைகள், நெல் மூட்டை ஒன்று, கூடைக்குள் மூன்று கோழி, நடுவே நாங்கள் பதினான்கு பேர். கட்டணம் தேத்தண்ணிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. கால்மணி நேரம்கூட எடுக்கவில்லை. பின்னால் படுவான்கரையில் சூரியன் படுகிறது, முன்னால் எழுவான்கரைத் தென்னைகள். இரண்டு கரைக்கும் ஏன் அந்தப் பெயர் என்று நடுத்தண்ணீரில் நின்றால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. லண்டன்காரி, ஹோட்டேலை முதலில் பேசியவள், ஆசிரியைத் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. குருமண்வெளியில் இறங்கி, ஓட்டோவில் களுவாஞ்சிகுடிச் சந்திக்கு வந்தால் கல்முனை–மட்டக்களப்பு பஸ் வந்துகொண்டேயிருக்கும்.

ஒன்று, படுவான்கரைப் பஸ்கள் குறைவு. நாங்கள் ஓரிடத்தில் ஒன்றரை மணிநேரம் மரத்தடியில் இருந்தோம். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் வான் பேசுங்கள். வாவியோரத்தில் கால் கழுவ இறங்காதீர்கள், முதலை உண்டு. வயலுக்குள் வெறுங்காலுடன் படம் எடுக்க நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. ஆனி ஆடியில் கச்சான் காற்று வியர்வையைத் தெரியாமல் உலர்த்திவிடும், தாகம் எடுக்குமுன் குடியுங்கள். ஆளுக்கு இரண்டு ஜீவனிப் பைக்கற் பையில் இருக்கட்டும். மார்கழி தையில் வருகிறவர்கள் மழையையும் நுளம்பையும் எதிர்பார்த்து வாருங்கள்.

மூன்றாம் நாள் காலை றெயிலில் வாழைச்சேனைக்குப் போய், ஓட்டோவில் கல்குடாக் கடற்கரை. மூன்றாம் வகுப்பு, திறந்த யன்னல். பாசிக்குடாவில் அலையில்லாத ஆழமற்ற கடல், வெகுதூரம் நடந்து போகலாம். அங்கேயும் பொதுமக்கள் இறங்க இடம் உண்டு. நாங்கள் கல்குடாப் பக்கம் மரநிழலுக்காகப் போனோம். அந்த ஹோட்டேல்களை நாங்கள் பழிக்கவில்லை. எங்கள் மாணவர்களின் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். தேனிலவுக்கு வருகிறவர்கள் தாராளமாகத் தங்கட்டும்.

அந்தக் கரையில் ஒஸ்லோக்காரி எங்களை முழங்காலளவு தண்ணீரில் வரிசையாக நிறுத்தி, மல்லாந்து மிதக்கப் பழக்கினாள். சுடிதாரோடு நாற்பத்தைந்து வயதுப் பெண்கள். கரையில் நின்ற பொடியன்கள் பார்த்துச் சிரித்தார்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு அவர்களில் இரண்டு பேர் வந்து, “அப்பிடி இல்ல அன்ரி, தலையப் பின்னால போடுங்க” என்று சொல்லித் தந்தார்கள். ஐந்து பேர் அன்று மிதந்தோம். ஆசிரியைத் தோழிதான் முதலில்.

கணக்கு: பஸ், றெயில், பாதை, ஓட்டோ, இரண்டு படகு, கடைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 4,700 ரூபாய் சொச்சம். ஹோட்டேலில் ஓர் அறைக்கு ஓரிரவுக்குச் சொன்ன விலை இதைப்போல எட்டு மடங்கு. மிச்சத்துக்குக் கச்சான் வாங்கினோம். கட்டணங்கள் மாறும், வருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டேலுக்கென்று வைத்திருந்த காசை என்ன செய்வது என்று ஆறு பேரும் திரும்பிப் போகுமுன் கேட்டார்கள், இந்தமுறை தயங்கித் தயங்கி. ஆசிரியைத் தோழிதான் பதில் சொன்னாள்: “தாறதெண்டா அங்கி வாங்கித் தாங்க. நம்மட பிள்ளையளும் போகட்டும்.” அப்படி வாங்கிய பதினைந்து உயிர்காப்பு அங்கிகள் இப்போது சங்க அறையின் பச்சை அலுமாரியில் இருக்கின்றன. பத்துப் பெரியது, ஐந்து சிறியது. ஊருக்கு வரும் எந்தப் பழைய மாணவியும், பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போகும் எந்த வகுப்பும் எடுக்கலாம், வாடகை இல்லை. அலுமாரிக்குள் இருக்கும் கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். கொண்டுவந்து வைக்கும்போது நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்தி வையுங்கள். உப்போடு மடித்து வைத்தால் பட்டி இற்றுவிடும்.